தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு எது? குளச்சலின் தேதிகளும் கணினியின் கணக்கும்



எங்கள் முஹல்லாவின் பழைய நிக்காஹ் தப்தர்களையும் மையவாடிப் பதிவுகளையும் கணினியில் ஏற்றும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து தொடங்கினோம். முதல் வாரத்திலேயே ஒரு பிழை நேர்ந்தது. எங்களுள் ஒருவரின் உம்மும்மா, பேரன்பேத்திகளைக் கண்டு நிறைந்த வயதில் மவுத்தானவர், 1999இல் பிறந்தவராகப் பதிவாகிவிட்டார். "தொண்ணூற்றொன்பதாம் வருடத்து வெள்ளத்தில் பிறந்தவர்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, தட்டச்சு செய்த தம்பி நூற்றாண்டைத் தாமாகச் சேர்த்துவிட்டார். கணினியும் அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது.

பெரியவர்கள் சொன்னது கொல்லம் 1099. அவ்வாண்டு ஆடி மாதத்தில், அதாவது 1924 ஜூலையில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே கேரளத்தில் இன்றும் குறிப்பிடுகின்றனர். குளச்சல் அப்போது திருவிதாங்கூரின் ஊர். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை நம் பாட்டன்மாரின் நிலம், திருமணம், பிறப்பு, இறப்பு எல்லாம் பெரும்பாலும் கொல்லம் ஆண்டில்தான் எழுதப்பட்டன. நம்மில் பலரது வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரத்தை எடுத்துப் பார்த்தால் 1080, 1105, 1120 என்ற எண்கள் தென்படும். அவற்றை ஹிஜ்ரி ஆண்டு என்று எண்ணி மயங்கியவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆண்டு தெளிவாக இல்லாத எழுத்தால் வரும் இடர் நம் சமூகத்திற்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு பிறந்ததே அத்தகைய ஓர் இடரிலிருந்துதான். கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஷஃபான் மாதத்தில் கொடுக்க வேண்டிய கடனைக் குறித்த ஒரு பத்திரம் வந்ததாகவும், "எந்த ஷஃபான்? கடந்ததா, நடப்பதா, வருவதா?" என்று அவர்கள் வினவியதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலீஃபாவிடமிருந்து வரும் கடிதங்களில் ஆண்டு இல்லாததால் எது முந்தியது எது பிந்தியது என்று அறிய இயலவில்லை என அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) எழுதியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஹிஜ்ரத்தை முதலாண்டாகக் கொள்ளும் முடிவு ஹிஜ்ரி 17ஆம் ஆண்டையொட்டி, கி.பி. 638 அளவில் எடுக்கப்பட்டது. மாதங்களின் பெயரும் வரிசையும் அரபுகளிடம் ஏற்கெனவே இருந்தன. குறைவாக இருந்தது, 'எந்தக் கணக்கில்' என்ற ஒரு சொல்தான். எங்கள் தப்தர்களில் உள்ள குறையும் அதே ஒரு சொல்தான்.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. திருவிதாங்கூரில் ஆவணி முதல் நாள் புத்தாண்டு. வடக்கே மலபாரில் புரட்டாசியில், அதாவது கன்னி மாதத்தில், ஆண்டு பிறந்தது. எனவே ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதிவரை உள்ள தேதிக்கு 824ஐயும், அதன்பின் ஆடிவரை உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1099 ஆடி 1924இல் விழுவது இவ்வாறே. "825ஐக் கூட்டு" என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு வயதைக் குறைத்துவிடுகின்றனர்.

மாதத்தின் முதல் நாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்கு மாறும் கணத்தைச் சங்கராந்தி என்பர். அது சூரியன் மறைவதற்குமுன் நேர்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்பது தமிழ்நாட்டு வழக்கு. மலையாள வழக்கில் எல்லை நண்பகலைச் சற்றுக் கடந்ததோடு முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் நேர்ந்தால் மறுநாளே முதல் தேதி. பிற்பகலில் சங்கராந்தி நேரும் மாதங்களில் தமிழ்த் தேதியும் மலையாளத் தேதியும் ஒன்று வேறுபடும். பேச்சில் தமிழும் அரசு ஆணையில் மலையாளமுமாக இருந்த நாஞ்சில் நாட்டில் ஒரே நாளுக்கு இருவர் இரு தேதி எழுதியிருந்தால், இருவரில் எவரையும் பிழை செய்தவர் என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊரின் மிகப் புகழ்பெற்ற நாளையே எடுத்துக்கொள்வோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் முறியடித்த நாள் எது? சில நூல்களில் 1741 ஆகஸ்ட் 10 என்றிருக்கும். சிலவற்றில் 1741 ஜூலை 31. பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆம் பட்டாலியன் ஜூலை 31ஐக் குளச்சல் நாளாகக் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த தேதி ஒன்று, தூணருகே மரியாதை செலுத்தும் நாள் மற்றொன்று என்று நம் பிள்ளைகள் குழம்புகின்றனர்.

இரண்டு தேதிகள் வந்ததற்குக் காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி மெல்லப் பிந்திவிட்டதால், 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று போப் பதின்மூன்றாம் கிரெகோரி அறிவித்தார். கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன. ஹாலந்து மாகாணமும் அடுத்த சில மாதங்களில் மாறிக்கொண்டது. எனவே டச்சுக் கம்பெனி எழுதியவை புதிய முறைத் தேதிகள். ஆங்கிலேயர் பிடிவாதமாக 1752வரை பழைய முறையிலேயே நின்றனர். திருவிதாங்கூர்க் கரையில் அஞ்சுதெங்குக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் போட்ட தேதி ஒன்று, கொச்சியில் இருந்த டச்சுக்காரர் போட்ட தேதி வேறொன்று. நடுவில் நின்ற நாஞ்சில் நாட்டவர் கொல்லம் 916 ஆடி என்று எழுதியிருப்பர்.

ஜூலை 31 பழைய முறை, ஆகஸ்ட் 10 புதிய முறை, இரண்டும் ஒரே நாள் என்று விளக்கம் எழுதுவோர் பலர். நாங்களும் நெடுநாள் அப்படியே நம்பியிருந்தோம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஒரு நாள் இடிக்கிறது. இரு முறைகளுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது 1700 பிப்ரவரிவரைதான். 1700ஆம் ஆண்டு பழைய முறையில் லீப் ஆண்டு, புதிய முறையில் அன்று. அதனால் அதன்பின் வேறுபாடு பதினொரு நாளாயிற்று. 1741இல் பழைய முறை ஜூலை 31 என்பது புதிய முறையில் ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. புதிய முறை ஆகஸ்ட் 10 என்பது வியாழக்கிழமை. பழைய முறையில் அது ஜூலை 30. எவரோ ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் பத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலும் கூட்டியிருக்கலாம். அல்லது வெற்றி நடந்த நாளை ஒருவரும், அடுத்த நாளை மற்றொருவரும் எழுதியிருக்கலாம். எதுவாயினும், இவ்விரு தேதிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதுவது சரியன்று.

உள்ளூர்க் கணக்கு இங்கே சாட்சியாக நிற்கிறது. சூரிய சித்தாந்த முறைப்படி நாங்கள் கணித்தபோது, புதிய முறை ஆகஸ்ட் 10 மலையாள வழக்கில் ஆடி 29 ஆகவும் தமிழ் வழக்கில் ஆடி 30 ஆகவும் வந்தது. ஜூலை 31ஐப் புதிய முறை என்று தவறாக எடுத்துக்கொண்டால் ஆடி 20ஐ ஒட்டிய நாள் வந்துவிடும். ஆகவே பழைய ஓலையொன்றில் கொல்லம் மாதமும் நாளும் கிடைக்குமானால், ஆங்கிலத் தேதி எந்த முறையைச் சேர்ந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இதே மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அர்ப்பணித்தது கொல்லம் 925 மகரம் 5. அதைப் பல நூல்கள் 1750 ஜனவரி 3 என்று எழுதுகின்றன. கணித்துப் பார்த்தால் அந்த மகரம் 5 புதிய முறையில் ஜனவரி 14இல் விழுகிறது. இரண்டுக்கும் இடையே சரியாகப் பதினொரு நாள்! நூல்களில் உள்ள ஜனவரி 3 பழைய முறைத் தேதி என்பது இதனால் விளங்கும். (ஆங்கிலேயர் அக்காலத்தில் மார்ச் 25இல்தான் ஆண்டைத் தொடங்கினர் என்பதால் அவர்கள் ஏட்டில் அது 1749 ஜனவரி! அதை இங்கே விட்டுவிடுவோம்.)

இனிக் கணினிக்கு வருவோம். தேதிகளைக் கையாள நிரலாளர் எவரும் புதிதாகக் கணக்கு எழுதுவதில்லை. லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். 1741 ஜூலை 31 என்ன கிழமை என்று அவற்றைக் கேட்டோம். பைத்தான் மொழியின் தொகுப்பு திங்கட்கிழமை என்றது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நாட்காட்டியைக் காட்டும் 'கேல்' என்ற சிறு கட்டளை வெள்ளிக்கிழமை என்றது. இரண்டும் பழுதானவை அல்ல. பைத்தான் கிரெகோரி முறையைக் காலத்தின் தொடக்கம்வரை பின்னோக்கி நீட்டிவிடுகிறது. அம்முறையே இல்லாத நூற்றாண்டுகளிலும் அதையே போடுகிறது. 'கேல்' கட்டளை இங்கிலாந்தின் வரலாற்றைப் பின்பற்றுகிறது. அதில் 1752 செப்டம்பர் மாதத்தைக் கேட்டால் 2க்குப் பின் நேராக 14 வந்து நிற்கும். இந்த வேடிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஜாவா மொழியின் பழைய தொகுப்போ 1582ஐ எல்லையாக வைத்து, அதற்கு முந்தியவற்றைச் சீசர் முறையில் கணித்தது. எல்லையை மாற்றிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. 2014இல் வெளிவந்த ஜாவா 8இன் புதிய தொகுப்பு பைத்தானைப் போலவே ஒரே முறையைப் பின்னோக்கி நீட்டுகிறது. ஹிஜ்ரி, தாய்லாந்து பௌத்த, ஜப்பானிய நாட்காட்டிகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது.

எல்லாத் தொகுப்புகளுக்கும் அடியில் இருப்பது ஓர் எளிய எண்ணம். நாளுக்குப் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகள் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணுகின்றன. அக்கணக்கில் 1741 ஆகஸ்ட் 10 என்பது கழித்தல் 83,419ஆம் நாள். 1583இல் ஜோசப் ஸ்காலிஜர் வகுத்த காலவட்டத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணும் வானியலாளர்களுக்கு அது 23,57,169ஆம் நாள். நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர்கள் இதைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்தனர். கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாட்களைக் கூட்டி அதை அகர்கணம் என்றனர். குவாரிஸ்மில் கி.பி. 973இல் பிறந்த அல்-பீரூனி, இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அகர்கணம் கணிக்கும் முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதற்கு முன்பே, கி.பி. 1000ஐ ஒட்டி, பாரசீகர், யூதர், கிறித்தவர், அரபுகள் எனப் பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 'அல்-ஆஸாருல் பாகியா'வை எழுதினார். இன்றைய நிரலாளரின் வேலையை ஒரு முஸ்லிம் அறிஞர் காகிதத்தில் செய்தார் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் எங்களை அதைவிடவும் கவர்ந்தது அவருடைய ஒழுங்கு. ஒவ்வொரு கணக்கையும் அதை வைத்திருப்போரின் சொல்லிலேயே முதலில் பதிந்துகொண்டு, அதன்பின்தான் மாற்றிக் காட்டுவார்.

வரிசை எண்ணிலிருந்து ஹிஜ்ரிக்கு மாற்றுவது எப்படி? முப்பது ஆண்டுகளுக்கு 10,631 நாள், அவற்றில் பதினோராண்டு 355 நாள், மற்றவை 354 நாள் என்பது பழைய வானியலார் வகுத்த அட்டவணைக் கணக்கு. அதன்படி குளச்சல் போரின் ஆகஸ்ட் 10, ஹிஜ்ரி 1154 ஜமாதுல் அவ்வல் 27. ஊரில் அன்று பிறை எப்போது தென்பட்டது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். அட்டவணைக்கு வானத்தைப் பார்க்கும் கண் இல்லை. இதை மென்பொருள் செய்தவர்களும் அறிந்தே இருக்கின்றனர். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தொகுப்பில் உள்ள ஹிஜ்ரி நாட்காட்டியில், தேதியை இரண்டு நாள்வரை முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ளும் ஒரு திருகு வைத்திருக்கின்றனர். கணக்கு ஓரிடத்தில் பிறைக்கு வழிவிட்டு நிற்பதைப் பார்க்க எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

உம்முல் குரா என்பது வேறு. அது சவூதி அரசின் அலுவல் நாட்காட்டி. மக்காவின் வானத்தை வைத்து முன்கூட்டியே கணித்த அட்டவணை. ரமளானுக்கும் பெருநாளுக்கும் சவூதியிலேயே பிறை பார்த்து அறிவிக்கின்றனர். நம் கைப்பேசியில் ஹிஜ்ரித் தேதி காட்டும் செயலிகள் பல இந்த அட்டவணையையே எடுத்துப் போட்டுவிட்டு, எதைப் போட்டோம் என்று சொல்லாமல் விடுகின்றன. வளைகுடாவில் இருக்கும் பிள்ளை "இன்று பிறை ஒன்று" என்கிறான். குளச்சலில் இருக்கும் உம்மா "நாளைதான்" என்கிறார். அந்த வாக்குவாதத்தில் பாதி, இரண்டு அட்டவணைகளுக்கு இடையிலான வாக்குவாதமே. இவ்வட்டவணை பழமைக்கும் போகாது. டாட்நெட்டில் அது ஹிஜ்ரி 1318 முதல் 1500 வரை மட்டுமே. நம் பாட்டனாரின் பாட்டனாருடைய நிக்காஹ் தேதியைக் கொடுத்தால் வரம்புக்கு வெளியே என்று மறுத்துவிடும். தவறான விடை தருவதைவிட அது மேல்.

இன்னொன்றையும் இத்தொகுப்புகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அவற்றுக்கு நாள் நள்ளிரவில் மாறும். நமக்கு மஃரிபில் மாறும். நம் வீடுகளில் 'வெள்ளி இரவு' என்றால் வியாழன் மாலைக்குப் பின் வருவது. தப்தரில் "வெள்ளி இரவு மவுத்" என்று இருந்ததை எங்களில் ஒருவர் ஆங்கில வெள்ளிக்கிழமையாக ஏற்றி, ஒரு முழு நாளைத் தள்ளிவிட்டார்.

இதெல்லாம் வரலாற்றுப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஸகாத்திற்கு வருடம் என்பது பிறை வருடம். ஆங்கில வருடத்தில் கணக்கு முடிப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் பிந்துகிறார். முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஓராண்டு ஸகாத் முழுமையாக விடுபட்டுப்போகும். சூரிய ஆண்டிலேயே கணக்கு வைக்க நேரும் வணிகர்கள் இரண்டரைக்குப் பதிலாக ஏறத்தாழ 2.577 சதவீதம் கொடுப்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான். குகைவாசிகள் தங்கிய காலத்தை அல்-கஹ்ஃப் அத்தியாயம் முந்நூறு என்றும் அதனுடன் ஒன்பது என்றும் கூறுவதை, முந்நூறு சூரிய ஆண்டு முந்நூற்றொன்பது பிறை ஆண்டாகும் என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியிருக்கின்றனர். கணவரை இழந்த பெண்ணின் இத்தாவும் பிறை மாதம் நான்கும் நாள் பத்தும்தான். சுவர்க் காலண்டரின் நான்கு மாதங்களை எண்ணினால் நான்கைந்து நாள் கூடுதலாக அவர் வீட்டிலிருக்க நேரும். அந்த நாட்களைக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

கொல்லம் ஆண்டு மட்டும் புகழ்பெற்ற தொகுப்புகள் எதிலும் இல்லை. மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி அவற்றில் இடம்பெற்றிருக்கிறது. அதில் தேதி எழுதிய ஆதாரம் எதையும் நாங்கள் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை! ரீங்கோல்ட், டெர்ஷோவிட்ஸ் என்ற இரு கணினி அறிஞர்கள் 1997இல் வெளியிட்ட நாட்காட்டிக் கணித நூலில் இந்துச் சூரியக் கணக்கின் வழிமுறைகள் இருக்கின்றன. அவற்றை வைத்துக் கொல்லம் தேதியைக் கணிக்க, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டிருக்கின்றனர். மலையாள வழக்கா தமிழ் வழக்கா என்று அது முதலில் கேட்கும்.

பதிவேட்டையும் மாற்றி அமைத்துவிட்டோம். முதல் கட்டத்தில் ஏட்டில் உள்ளது உள்ளபடியே, எழுத்துப் பிழையோடும் சேர்த்து. இரண்டாவதில் எந்தக் கணக்கு என்பது; தெரியாவிட்டால் தெரியாது என்றே. மூன்றாவதில் ஆங்கிலத் தேதி, அதை எந்த முறையில் யார் கணித்தார் என்ற குறிப்புடன். ஐயம் எழுந்தால் மூன்றாவது கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி கணிக்கலாம். முதல் கட்டத்தில் எவரும் கை வைக்கக் கூடாது. உம்மும்மாவின் வரிசையில் இப்போது "தொண்ணூற்றொன்பது, வெள்ளம், ஆடி" என்றும், அடுத்து "கொல்லம் 1099" என்றும், அதற்கடுத்து "1924 ஜூலை அல்லது ஆகஸ்ட்" என்றும் இருக்கிறது. நாள் எதுவென்று கேட்டபோது, "மழை விட்ட அன்றைக்கு" என்று அவருடைய மூத்த மகள் சொன்னார். அதையும் முதல் கட்டத்தில் சேர்த்துக்கொண்டோம்.